தும்மலில் உடைந்த முதுகு

ஒன்பதாம் வகுப்பில் சமூக அறிவியல் பாடம் நடந்துகொண்டிருந்தபோது நான் தும்மினேன். நடு முதுகுக்குள் ஏதோ சரிந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் மூச்சை உள்ளே இழுக்க முடியவில்லை. இழுத்தால் கத்தியால் குத்துகிற மாதிரி வலி. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். டீச்சர் என்ன என்று கேட்டார். தும்மினேன், முதுகு உடைந்துவிட்டது என்றேன். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் தேர்வு; அதற்குச் சாக்கு என்று நினைத்து டீச்சரும் சிரித்தார்.

உண்மையிலேயே உடைந்துதான் இருந்தது. மூன்று எலும்புகள்.

இப்போது நான் கல்லூரியில் படிக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்கள். எவ்வளவு சரியாயிற்று, எவ்வளவு ஆகவில்லை என்பது எனக்குத் தெரியும். மனசு ஆறட்டும் என்று இதை எழுதவில்லை. எங்கள் பக்கத்தில் ஆஸ்துமா இழுப்பு இல்லாத பிள்ளை உள்ள வீடு குறைவு. என்னை உடைத்த மருந்து அந்த வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு எண்ணூர் நெட்டுக்குப்பத்தில். அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கடலுக்குப் போகிறவர். அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறாள். எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்தே இழுப்பு உண்டு. காற்று ஒரு பக்கமாகத் திரும்பினால் அனல்மின் நிலையத்துச் சாம்பல் வரும்; இன்னொரு பக்கமாகத் திரும்பினால் லாரிப் புழுதி வரும். கொடியில் காய்ந்த துணியை உதறித்தான் மடிக்க வேண்டும். என்னால் உதற முடியாது. உதறினால் அன்றைக்கு முழுக்க நெஞ்சு விசில் அடிக்கும்.

எனவே என்னை வீட்டுக்குள்ளேயே வைத்தார்கள். கடல் பக்கத்து ஜன்னலை நைனா பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார். கதவு இடுக்கில் பழைய லுங்கியைச் சுருட்டித் திணிப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு போய், விளையாட்டு வகுப்பில் மரத்தடியில் எல்லோருடைய பைகளுக்கும் காவல் உட்கார்ந்து, மூடிக்கொண்டே திரும்பி வருவேன். என் வயசுப் பிள்ளைகள் மணலில் கபடி ஆடும் சத்தம் பலகை வழியாகக் கேட்கும். எனக்கு ஒன்றும் வரக்கூடாது என்று எல்லோரும் அவ்வளவு கவனமாக இருந்தார்கள்.

அதையும் மீறி இழுப்பு வரும்போதுதான் அந்த மாத்திரை. சின்னது, வெள்ளை நிறம், லேசாகக் கசக்கும். முதலில் ஒரு கிளினிக் டாக்டர்தான் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். போட்ட அன்றைக்கே மூச்சு சீராகிவிட்டது. நைனா அந்த டாக்டர் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கப்புறம் டாக்டர் தேவைப்படவில்லை. காலி அட்டையை மெடிக்கல் ஷாப்பில் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். மழைக்காலத்தில், பனிக்காலத்தில், காற்று திரும்பும் காலத்தில் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒரு காரணம் வரும். நைனா கரைக்கு வந்ததும், ஈர டவுசரைக் கூட மாற்றாமல் கடைக்குத்தான் ஓடுவார்.

பள்ளிக்கு வந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டரம்மா, இவளுக்கு வாயில் வைத்து உறிஞ்சுகிற பம்ப்தான் சரி, மருந்து நேராக நுரையீரலுக்குப் போகும், உடம்பு முழுக்கப் போகாது என்று சொன்னார். புழலில் இருக்கும் பெரியம்மா அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தாள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"பொம்பளப் புள்ள பம்ப வாயில வச்சிகினு நின்னா நாளைக்கு எவன் வந்து கட்டுவான்?" என்றாள். "மாத்திர துன்னா யாருக்குத் தெரியப் போவுது."

அம்மாவும் அதைச் சரி என்றாள். யாருக்கும் தெரியாமல்தான் தின்றேன்.

என் முகம் உருண்டையாகிக்கொண்டே வந்தது. கன்னம் இரண்டும் உப்பி, தாடைக்குக் கீழே இன்னொரு தாடை வந்தது. சொந்தக்காரர்கள் என் கன்னத்தைக் கிள்ளி, புள்ள இப்பத்தான் சோக்கா கீது என்பார்கள். அம்மாவுக்குப் பெருமை. ஆனால் உயரம் நின்றுவிட்டது. பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் நடுவில் நின்றவள், வருஷா வருஷம் முன்னால் நகர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் முதல் ஆளாக நின்றேன். பதினான்கு வயசாகியும் நான் பெரியவளாகவில்லை. பெரியம்மா அதற்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டாள்.

தும்மிய அன்று நைனா பைக்கில் வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். கன்டெய்னர் லாரிகள் ஓடி ஓடிக் குழியாய்ப் போன ரோடு. ஒவ்வொரு குழியிலும் நைனாவின் சட்டையைப் பல்லால் கடித்துக்கொண்டேன். கிளினிக் டாக்டர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தசைப் பிடிப்பு என்று ஓர் ஊசி போட்டார். வலி போகவில்லை. மறுநாள் அக்கம்பக்கத்தார் சுளுக்கு என்று முடிவு செய்து, சுளுக்கு எடுக்கிறவரை வீட்டுக்கே கூட்டி வந்தார்கள். அவர் என்னைக் குப்புறப் படுக்க வைத்து, எண்ணெய் தடவி, உள்ளங்கையின் அடியால் முதுகெலும்பின் மேலேயே ஓர் அழுத்து அழுத்தினார். நான் கத்திய கத்தலில் அவரே பயந்து கையை எடுத்துவிட்டார். அதற்கப்புறம் என்னால் எழுந்து உட்கார முடியவில்லை. ஒரு பலகையில் படுக்கவைத்து, மீன் ஏற்றுகிற குட்டி யானை வண்டியில் வைத்து அரசுக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். வண்டியை எவ்வளவு கழுவியிருந்தும் வாடை போகவில்லை. அம்மா வழியெல்லாம் அதற்காக என்னிடம் வருத்தம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த இளம் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டு இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வேறொருவரைக் கூப்பிட்டார். யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. முதுகெலும்பு தானாக உடைவதற்குச் சில பெரிய வியாதிகள் காரணமாக இருக்கலாம் என்றும், ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்க வேண்டும் என்றும் அப்புறம்தான் சொன்னார்கள். எலும்புக் காசநோயா என்று பார்க்க ஸ்கேன். ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க, இடுப்பெலும்புக்குள் ஊசியைத் திருகி மஜ்ஜையை எடுத்தார்கள். மஜ்ஜை என்றால் எலும்புக்குள் இருக்கும் கூழ். ரத்தம் அங்கேதான் ஊறுகிறது. மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். அப்படியும், அதை உறிஞ்சி எடுத்தபோது காலுக்குள்ளிருந்து ஒரு நரம்பை உருவுகிற மாதிரி இருந்தது.

அதன் முடிவு வரும்வரை அம்மா சாப்பிடவில்லை. புற்றுநோய் என்ற சொல்லை அவள் வராந்தாவில் யாரோ சொல்லக் கேட்டிருந்தாள். என்னிடம் அதைச் சொல்லாமல் இருப்பதாக நினைத்துக்கொண்டு, மூஞ்சி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நான் மல்லாந்தே படுத்திருந்தேன். திரும்பக்கூட இரண்டு பேர் வேண்டும், மரக்கட்டையை உருட்டுகிற மாதிரி. நைனா இட்லியைப் பிய்த்துச் சாம்பாரில் ஊறவைத்து, என் வாய்க்குள் வைத்து, நான் விழுங்கும்வரை தானும் சேர்ந்து விழுங்குவார். பெரியம்மா புழலிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, என் தலையைத் தூக்காமலேயே, முடியைக் கட்டிலின் ஓரத்தில் தொங்கவிட்டு, சிக்கு எடுத்துப் பின்னிவிடுவாள். ஒரு முடிகூட இழுபடாது. அந்தக் கையின் மென்மையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம்தான் வருகிறது. என்னை உடைத்தவர்கள் யாராவது முரட்டு ஆட்களாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பேன்.

பக்கத்துக் கட்டிலில் தனு என்று ஒரு குட்டிப் பெண். மூன்று வயசிருக்கும். இரண்டு காலும் வில் மாதிரி வளைந்திருந்தன. யானைக்கவுனியில் வெயிலே இறங்காத ஒரு சந்தில், கீழ்த்தளத்தில் அவர்கள் வீடு. தோலில் வெயில் பட்டால்தான் உடம்பு வைட்டமின் டி-யை உண்டாக்கும், அது இல்லாவிட்டால் பாலும் முட்டையும் எவ்வளவு கொடுத்தாலும் சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஒட்டாது, எலும்பு மெத்தென்று வளர்ந்து உடம்பின் பாரத்தில் வளைந்துவிடும் என்று அவர்களுக்கு விளக்கியிருந்தார்கள். தனுவின் அம்மா எங்கள் ஊரைக் கேட்டுவிட்டு ஆச்சரியப்பட்டாள். கடற்கரையில் இருக்கிறீர்கள், உங்களுக்கு வெயிலுக்கா பஞ்சம் என்றாள்.

மஜ்ஜையில் புற்றுநோய் இல்லை. ஸ்கேனில் காசநோய் இல்லை. அம்மா வராந்தாவில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். அப்படியென்றால் என்னதான் வியாதி என்று பார்க்க, ஹார்மோன் சம்பந்தமான நோய்களைப் பார்க்கும் டாக்டரம்மா வந்தார். ஐம்பது வயசு இருக்கும், வேகமாகப் பேசுகிறவர். என் முகத்தைப் பார்த்தார். பின்கழுத்தில் திரண்டிருந்த சதையைத் தொட்டுப் பார்த்தார். இழுப்புக்கு என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

நைனா சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். ஆஸ்பத்திரியில் எனக்கு இழுப்பு வந்து, மருந்து கிடைக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று தயாராக வைத்திருந்தார்.

டாக்டரம்மா அதை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இதை எவ்வளவு காலமா குடுக்கறீங்க?"

"சின்னப் புள்ளைல இருந்தே, டாக்டர். மூச்சு முட்டசொல்லோ எல்லாம் குடுத்துனுதான் கீறோம். ஒரு நாளு கூட தவறவுட்டதில்ல."

நைனா இதை நல்ல மதிப்பெண் வாங்கிய பிள்ளை மாதிரிச் சொன்னார்.

அந்த மாத்திரை ஒரு ஸ்டீராய்டு. கெட்ட மருந்து இல்லை என்று டாக்டரம்மா முதலிலேயே சொன்னார். உயிர் போகிற இழுப்பில் அதுதான் காப்பாற்றும். ஆனால் அளவும் நாளும் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து. எலும்பு என்பது உயிருள்ள பொருள், பழையதை அரித்து எடுத்துவிட்டுப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கும் என்றார். வளரும் வயசில் கட்டும் வேலைதான் அதிகம் நடக்கும். இருபது வயசை ஒட்டி அது முடிந்துவிடும்; அதுவரை சேர்ந்ததை வைத்துக்கொண்டுதான் மிச்ச ஆயுளை ஓட்ட வேண்டும். வருஷக்கணக்கில் அடிக்கடி உள்ளே போன ஸ்டீராய்டு அந்தக் கட்டும் வேலையை நிறுத்திவிட்டிருந்தது. சாப்பாட்டிலிருந்து சுண்ணாம்புச் சத்து ஏறுவதையும் தடுத்திருந்தது. எங்கள் வீட்டில் நெத்திலியை முள்ளோடுதான் தின்போம், குறைவே இல்லை, தின்றதெல்லாம் வீண். அதோடு நான் வெயில் படாமல் வளர்ந்தவள். ஓடினால், குதித்தால், அந்த அதிர்ச்சியில்தான் எலும்பு தன்னைக் கெட்டிப்படுத்திக்கொள்ளுமாம். நானோ பைகளுக்குக் காவல் இருந்தவள். பெரியவளாகும்போது சுரக்கும் ஹார்மோனும் எலும்பைக் கட்டும். அதையும் மாத்திரை தள்ளிப்போட்டிருந்தது. உப்பிய கன்னம் ஸ்டீராய்டின் வீக்கம்.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். முதுகெலும்புக் கட்டைகள் பெட்டி மாதிரி நேராக இருக்க வேண்டும். என்னுடையவை மேலேயும் கீழேயும் குழிந்து நடுவில் சிறுத்துப் போயிருந்தன. மூன்று மட்டும் முன்பக்கம் நசுங்கி ஆப்பு மாதிரி இருந்தன.

"இந்த மாதிரிக் குழிஞ்சு போனதை நாங்க மீன் முள்ளெலும்புன்னு சொல்லுவோம்" என்றார். "மீனுக்கு இப்படித்தான் இருக்கும்."

தினம் மீனை அரிந்து முள்ளெடுக்கிற அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நைனா ஒரே ஒரு கேள்வி கேட்டார். குடுக்காம இருந்திருந்தா புள்ள செத்துப் போயிருக்காதா என்று. இழுப்புக்கு வேறு மருந்து இருந்தது, வாயில் வைத்து உறிஞ்சுவது என்றார் டாக்டரம்மா. பெரியம்மா அப்போது அங்கேதான் நின்றாள். என் போர்வையைச் சரிசெய்தாள்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் ஒன்று உண்டு. மேஜையில் படுத்தால் ஒரு கை மாதிரிக் கருவி மேலே மெதுவாக நகர்ந்து போகும், வலியே இல்லை. நான் அங்கே பட்ட சோதனைகளிலேயே சுகமானது அதுதான், முடிவுதான் மோசம். என் உயரத்தில் இருக்கும் சின்னப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தும் நான் ரொம்பக் கீழே இருந்தேன். செலவைப் பற்றி எழுதவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எலும்பு அரிபடுவதை நிறுத்துகிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றினார்கள். காய்ச்சல் வரும் என்று முன்பே சொன்னார்கள். வந்ததைக் காய்ச்சல் என்று சொல்லக் கூடாது. உடம்பிலுள்ள எல்லா எலும்பையும் தனித்தனியாக உரலில் போட்டு இடிக்கிற மாதிரி இருந்தது. எனக்கு இத்தனை எலும்பு இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. அது அடங்கியபின் தோளிலிருந்து இடுப்புவரை இரும்புப் பட்டை வைத்த பெல்ட் மாட்டி உட்காரவைத்தார்கள். உட்கார்ந்ததும் தலை சுற்றி வாந்தி எடுத்தேன். அம்மா அதைக் கையிலேயே ஏந்தினாள்.

மாத்திரையை ஒரேயடியாக நிறுத்த முடியாது என்றும் தெரிந்தது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்ததால் என் உடம்பு தானாகச் சுரப்பதை மறந்துபோயிருந்தது. சட்டென்று நிறுத்தினால் மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாகும். எனவே என்னை உடைத்த மாத்திரையையே, பாதி, கால் என்று குறைத்துக்கொண்டே நான் இன்னும் பல மாதம் விழுங்க வேண்டியிருந்தது. டாக்டர்கள் சொல்லி, நர்ஸ் கையால், நேரம் தவறாமல்.

பம்பை வார்டிலேயே கற்றுக்கொடுத்தார்கள். பார்வையாளர் நேரம். நாலு கட்டிலைச் சுற்றி ஆட்கள். நான் உறிஞ்சும்போது பெரியம்மா எழுந்து, புடவையை விரித்தபடி எனக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றாள். நகருங்கள் என்று சொன்னேன். அவள் நகரவில்லை. "நகரு பெரியம்மா" என்று இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். அவளிடம் நான் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை. நகர்ந்தாள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா அறிவுரைகள் சொன்னார். தினம் வெயிலில் இருக்க வேண்டும். நடக்க வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஓட வேண்டும், எலும்பு தேறியபின் குதிக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தால் ஏற்றிய மருந்தெல்லாம் வீண். இழுப்பு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புகை, தூசி, சாம்பல் பக்கம் போகவே கூடாது.

நைனா எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில்தான் கேட்டார்.

"எங்க வூட்டாண்ட வெயிலும் சாம்பலும் ஒண்ணாத்தான் வருது, டாக்டர். வெளிய வுட்டா இழுப்பு வரும். உள்ள வச்சா எலும்பு பூடும். எத்த செய்யட்டும்?"

டாக்டரம்மா பேனாவை மூடினார். வேறு இடத்துக்குப் போக முடியுமா என்று கேட்டார். எழுதிக் கொடுக்க அதற்கு மருந்து இல்லை.

அந்த வாரமே நைனா கிளினிக் டாக்டரிடம் போனார். பெல்ட்டோடு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அடிதடி ஆகிவிடும் என்று அம்மா பயந்தாள். ஆகவில்லை. டாக்டர் நைனாவை உட்காரச் சொன்னார். ஐந்து நாளைக்குத்தான் நான் எழுதினேன், அப்புறம் நீங்களாக வாங்கிப் போட்டுவிட்டு என்னிடம் கேட்டால் எப்படி என்றார். அது உண்மைதான். அங்கிருந்து மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம். நீ கேட்டாய், கொடுத்தேன், நான் இல்லையென்றால் அடுத்த கடையில் வாங்கியிருப்பாய், பிள்ளை மூச்சு முட்டிச் சாகட்டும் என்று விடச் சொல்கிறாயா என்றார் கடைக்காரர். அதுவும் உண்மைதான். பெரியம்மா நல்லதைத்தான் நினைத்தாள். ஜன்னலுக்கு ஆணி அடித்ததும் நல்லதற்குத்தான். நைனா ரோட்டோரம் நின்று, இனி யாரிடம் போய்க் கேட்கலாம் என்று யோசிக்கிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தார். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

நானும் அம்மாவும் புழலுக்கு, பெரியம்மா வீட்டுக்குக் குடிபோனோம். நைனா வரவில்லை. படகு இங்கே இருக்கிறது, கடலும் இங்கே இருக்கிறது, அங்கே வந்து ஏரியில் என்ன செய்வேன் என்றார். அம்மா விடியும்முன் எழுந்து, பஸ் பிடித்து, காசிமேட்டில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் விற்றுவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவாள். கொஞ்ச காலத்தில் வாடிக்கைக்காரர்கள் பாதிப் பேர் பக்கத்துக் கடைக்கு மாறிவிட்டார்கள். நைனா தானே சோறாக்கித் தின்றார். ஞாயிற்றுக்கிழமை வருவார், என்னை நிற்கவைத்து முதுகைப் பார்ப்பார், சாப்பிடுவார், போய்விடுவார். அம்மாவும் அவரும் பேசிக்கொள்வது குறைந்துகொண்டே வந்தது. என் எலும்புக்காகச் சேர்த்ததெல்லாம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து எடுத்தது.

நான் காலையில் ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன். பெல்ட்டைக் கழற்றிய பிறகு ஓடினேன். ஸ்கிப்பிங் கயிறு வாங்கிக் கொடுத்தார்கள். கயிற்றைச் சுழற்றிவிட்டுக் குதிக்காமல் நின்றுவிடுவேன். தரையில் இறங்கும்போது உள்ளே எல்லாம் பொடியாகிவிடும் என்று பயம். என் வயசில் எல்லோரும் பையன்களுக்கும் மார்க்குக்கும் பயந்தார்கள். நான் அரை அடி உயரத்திலிருந்து இறங்கப் பயந்தேன். ஒருநாள் கண்ணை மூடிக்கொண்டு குதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அழுகை வந்தது. இன்னும் ஏழெட்டுத் தடவை குதித்தேன்.

மாத்திரை குறையக் குறைய முகம் வற்றியது. சொந்தக்காரர்கள், இளைத்துவிட்டாளே, வியாதி இப்படித் தின்றுவிட்டதே என்று உச்சுக்கொட்டினார்கள். நான் பெரியவளானேன். பெரியம்மா தெருவையே கூட்டி விசேஷம் வைத்தாள். நாற்காலியில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்திருந்தபோது, வந்தவர்களிடம் அவள் என் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை என்பதைக் கவனித்தேன். என் பம்ப் மட்டும் அன்றைக்குக் கிடைக்கவில்லை. மறுநாள் பெரியம்மாவின் பீரோவுக்குள் இருந்தது.

நசுங்கிய கட்டைகள் வளரும் பிள்ளைகளுக்குத் திரும்ப நிமிரும், வளர்ச்சி நிற்பதற்குள் எவ்வளவு நிமிர்கிறதோ அவ்வளவு என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒவ்வொரு எக்ஸ்ரேயிலும் அதைத்தான் பார்ப்போம். இரண்டு ஏறக்குறைய பழைய வடிவத்துக்கு வந்துவிட்டன. ஒன்று வரவில்லை. பதினேழு வயசில் என் வளர்ச்சி நின்றது. நான் அம்மாவின் தோளுக்குத்தான் இருக்கிறேன். மேல்முதுகில் லேசான வளைவு இருக்கிறது. தெரியாதபடி துப்பட்டா போடக் கற்றுக்கொண்டேன். நீண்ட நேரம் உட்கார்ந்தால் எரியும். அடர்த்தி ஸ்கேனில் ஓரளவு ஏறியிருக்கிறேன். டாக்டரம்மா சந்தோஷப்பட்டார். உன்னை மாதிரி நிறையப் பேர் இவ்வளவுகூட வருவதில்லை என்றார்.

போன வருஷம் எங்கள் பக்கத்தில் புதிதாக ஓர் ஆலை வரப்போகிறது என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று வைத்தார்கள். ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, மேடையில் பூச்செண்டு. நான் புழலிலிருந்து வந்தேன். நைனா வெள்ளைச் சட்டை போட்டு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். என் முறை வந்ததும் மைக்கை வாங்கி, தும்மலில் ஆரம்பித்து, மாத்திரை, எக்ஸ்ரே, ஏரிக்கரை எல்லாவற்றையும் சொன்னேன். கூட்டம் அமைதியாகக் கேட்டது. சிலர் அழுதார்கள்.

மேடையிலிருந்த அதிகாரி மரியாதையான மனிதர். நான் முடிக்கும்வரை குறுக்கிடவில்லை.

"உங்க கஷ்டம் புரியுதும்மா" என்றார். "ஒண்ணு மட்டும் தெளிவு பண்ணிக்கறேன். எலும்பு போனது மாத்திரையாலன்னு டாக்டர் சொன்னதா நீங்களே சொன்னீங்க. காத்தால எலும்பு உடைஞ்சதுன்னு எந்த டாக்டரும் சொல்லல. சரிதானே?"

"சரிதான்" என்றேன். அந்த மாத்திரையை நான் எதற்குத் தின்றேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மைக் என் கையில் இல்லை. நன்றி, அடுத்தவர் வரலாம் என்றார்கள். குறிப்பெடுப்பவர் ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

அப்போது நைனா எழுந்தார். ஊர்க்கூட்டத்தில்கூட வாய் திறக்காதவர். நடந்துபோய் அடுத்தவரிடமிருந்த மைக்கை வாங்கினார். நீங்கள் யார், பெயர் பதிவு செய்திருக்கிறீர்களா என்று மேடையிலிருந்து கேட்டார்கள்.

"நான் இவ நைனா" என்றார்.

ஒலிபெருக்கியில் அது ரோடுவரை கேட்டது. சொல்லுங்கள் என்றார் அதிகாரி. எல்லோரும் காத்திருந்தோம். நைனாவின் உதடு அசைந்தது. அதற்கு மேல் அவருக்கு எதுவும் வரவில்லை. மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தபடி, அவர்கள் வந்து வாங்கும்வரை, அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.